புகை இருந்தது, ஓட்ஸ் இல்லை

கெட்டுப்போன பீர் என்னை அவ்வளவாக உறுத்துவதில்லை. வெளிச்சம் பட்டு நாறும் பாட்டில், காற்றுப் புகுந்து நனைந்த அட்டை வாடை அடிக்கும் பாட்டில், கிருமி ஏறிப் புளித்துப்போனது, இதெல்லாம் ஒரு வாய் குடித்ததுமே தெரிந்துவிடும். கொட்டிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். என்னைச் சில வாரங்களாகத் தொந்தரவு செய்துகொண்டிருப்பது கெடாத ஒரு பீர். சிறிய ஆலை ஒன்று செய்த ஸ்மோக்ட் ஓட்மீல் ஸ்டவுட், அதாவது புகையூட்டிய மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய தானியம்) ஓட்ஸும் சேர்த்து, வறுத்த தானியத்தால் கருப்பேறிய பீர். ஆலையின் பெயர் வேண்டாம், அவர்களுடைய மற்ற பீர்களை நான் விரும்பிக் குடிக்கிறவன். சுத்தமாகத்தான் செய்திருக்கிறார்கள். நிறம் சரி, நுரை சரி, புகையும் இருக்கிறது, லேபிளில் எழுதியிருப்பதில் பொய் என்று எதையும் சொல்ல முடியாது. இருந்தும் பாதி கிளாஸில் கை நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று எனக்குத் திருப்தியாக ஒரு பதில் கிடைக்கவில்லை, அதனால்தான் இதை விடாமல் துரத்திக்கொண்டு போனேன்.

இந்தச் சேர்க்கை மேல் எனக்குப் பல நாளாகவே ஆசை. கருப்பு பீர்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஓட்மீல் ஸ்டவுட்தான். வறுத்த தானியத்தின் கசப்பை ஓட்ஸ் ஒரு வழவழப்புக்குள் வைத்துக் கொடுக்கிற அந்தப் பக்குவம் வேறு எந்த ஸ்டவுட்டிலும் வராது. இன்னொரு பக்கம், ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்து ரவுக்பீர், அதாவது புகையில் உலர்த்திய மால்ட்டில் செய்யும் பீர். முதல் தடவை குடிக்கும்போது முகம் சுளிப்பவர்கள்தான் அதிகம். நான் முதல் வாயிலேயே விழுந்தேன். அப்படி இருக்கும்போது இரண்டும் ஒரே பாட்டிலில் என்று பார்த்ததும் என்ன எதிர்பார்த்திருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. வழவழவென்று நாக்கில் படர்கிற ஒரு உடம்பு, அதற்குள்ளிருந்து மெதுவாக எழும் மரப்புகை, கடைசியில் கொஞ்சம் சாக்லேட் கசப்பு. என் மனதில் அந்த பீரை நான் ஏற்கனவே குடித்து முடித்திருந்தேன்.

கிளாஸில் வந்தது

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வெளியில் வைத்த பிறகுதான் திறந்தேன். ஸ்டவுட்டை 10 முதல் 13 டிகிரி செல்சியஸுக்குள் குடித்தால்தான் அதன் குணம் தெரியும், சில்லென்று குடித்தால் கசப்பும் வாயுவும் மட்டும்தான் மிஞ்சும். ஊற்றும்போது பார்க்க அழகாகவே இருந்தது. விளக்குக்கு நேராகப் பிடித்தாலும் ஓரத்தில் மட்டும் லேசாக மாதுளைச் சிவப்பு, மற்றபடி கருப்பு. நுரை பழுப்பு நிறத்தில் இரண்டு விரற்கடை எழுந்தது, ஆனால் சீக்கிரம் அடங்கி ஒரு மெல்லிய வளையமாக ஒதுங்கிவிட்டது. அதை அப்போது நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓட்ஸில் கொழுப்புச் சத்து மற்ற தானியங்களைவிட அதிகம், கொழுப்பு நுரைக்கு ஆகாது, அதே ஓட்ஸின் புரதம் நுரையைத் தாங்கவும் செய்யும் என்பதால் ஓட்மீல் ஸ்டவுட்டின் நுரை ஆலைக்கு ஆலை மாறும்.

மூக்கருகே கொண்டுபோனதும் முதலில் வந்தது புகைதான். ஆனால் எரிகிற மரத்தின் புகை இல்லை, எரிந்து அணைந்த இடத்தின் வாடை. அதன் பின்னால் தீய்ந்த தானியம், கொஞ்சம் கருங்காப்பி. இனிப்பு வாசனை எதுவுமே இல்லை, நான் கிளாஸைச் சுழற்றிச் சுழற்றித் தேடிப் பார்த்தேன். முதல் வாய் நன்றாகவே ஆரம்பித்தது, நுனிநாக்கில் சாக்லேட் மாதிரி ஒன்று தொட்டது, சரி இனி விரியும் என்று காத்திருந்தேன். விரியவில்லை. நடுநாக்கில் ஒன்றுமே இல்லை. தண்ணீர் மாதிரி ஓடிப்போனது என்றால் மிகைதான், ஆனால் அந்த இடத்தில் இருக்க வேண்டிய கனம் இல்லை. அங்கிருந்து நேராகத் தொண்டைக்குப் போய் ஒரு காறல். வறுத்த பார்லியின் கசப்பும் புகையின் கரிச்சுவையும் ஒன்றாகச் சேர்ந்து அடிநாக்கில் உட்கார்ந்துகொண்டு, விழுங்கிய பிறகும் நெடுநேரம் போகாமல், துவர்ப்பாக வாயை உலர்த்திக்கொண்டே இருந்தது. அடுத்த வாய் குடிக்க வேண்டும் என்ற ஆசையை அந்த முடிவுதான் கொன்றது. ஒரு பீரின் வேலை அடுத்த வாய்க்கு அழைப்பது என்று நான் நம்புகிறவன். எத்தனை கசப்பானாலும், எத்தனை கனமானாலும் அழைக்கலாம், நல்ல இம்பீரியல் ஸ்டவுட் அழைக்காமலா இருக்கிறது.

சூடு ஏறட்டும் என்று விட்டுவைத்தேன். கருப்பு பீர்கள் பல சூடு ஏற ஏற நன்றாகும், வாயு குறைந்து இனிப்பு மேலே வரும். இது நேர்மாறாகப் போனது. சாம்பல் வாடை பெருகியது, அடியில் மேலே வருவதற்கு எதுவும் இல்லை.

புகை கூடியதா, குறைந்ததா

இந்த பீரைப் பற்றி யாரிடம் பேசினாலும் பேச்சு புகையில்தான் போய் முட்டியது. ஒருவர் புகை ஜாஸ்தி என்றார், இன்னொருவர் போதவில்லை என்றார், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டிலிலிருந்து குடித்தவர்கள். புகை அப்படித்தான், பெயரில் அது இருந்துவிட்டால் மற்ற எதையும் கவனிக்க விடாது. அதோடு மூக்கு புகைக்குச் சீக்கிரம் பழகிவிடும். ரவுக்பீரை முதல் கிளாஸில் எடை போடாதே, இரண்டு மூன்று உள்ளே போனால்தான் தெரியும் என்று பாம்பெர்க்கில் சொல்வதுண்டு. அது வியாபாரத்துக்காகச் சொல்வது மட்டுமில்லை, மூக்கு பழகிப் புகை பின்னால் நகர்ந்ததும் மால்ட் முன்னால் வருகிறது என்பதை நானே பல தடவை உணர்ந்திருக்கிறேன். இந்த ஸ்டவுட்டிலும் அந்த நேரத்துக்காகக் காத்திருந்தேன். புகை நகர்ந்தது. முன்னால் வர ஆள் இல்லை.

இது கெட்டுப்போன புகையோ என்றும் யோசித்தேன், ஏனென்றால் பீரில் புகை மாதிரி நடிக்கிற குறைகள் உண்டு. தண்ணீரில் குளோரின் மிஞ்சியிருந்தால் அது ஃபீனால்கள் என்ற, புகை வாடையும் மருந்து வாடையும் தரக்கூடிய சேர்மங்களோடு சேர்ந்து குளோரோஃபீனால் ஆகிவிடும், ஆஸ்பத்திரி வாடை, பிளாஸ்திரி வாடை என்று சொல்வோமே, அது. நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். வேண்டாத ஈஸ்ட் புகுந்தாலும் ஃபீனால் வாடைகள் வரும், கிராம்பு மாதிரியோ, குதிரை லாயம் மாதிரியோ. பீட் என்கிற கரிமண்ணில் புகையூட்டிய மால்ட்டைப் போட்டிருந்தால் தார் வாடையும் மருந்து நெடியும் வரும். விஸ்கியில் காய்ச்சி வடிக்கும்போது அதில் ஒரு பகுதிதான் போய்ச் சேரும், பீரில் வடிகட்ட எதுவும் இல்லாததால் மொத்தமும் வாய்க்கே வரும், அதனால் பல ப்ரூவர்கள், அதாவது பீர் செய்கிறவர்கள், பீட் மால்ட்டைத் தொடவே பயப்படுவார்கள். இந்த பாட்டிலில் இதில் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரி இல்லை, தார் இல்லை, லாயம் இல்லை. நேர்மையான மரப்புகை மால்ட்தான், லேபிளிலும் பீச் மரப்புகை என்றே போட்டிருந்தது. (பழம் தருகிற பீச் இல்லை, ஐரோப்பியக் காடுகளில் வளரும் பீச்.) அதே மரத்தின் புகைதான் பாம்பெர்க்கின் ரவுக்பீர் ஆலையான ஷ்லெங்கெர்லாவிலும் இருக்கிறது. அங்கே புகையூட்டிய இறைச்சி மாதிரி மணக்கிற அதே புகை இங்கே எப்படி அணைந்த அடுப்பாக ஆனது?

கலந்து பார்த்த கதை

அந்தக் கேள்வியோடு வீட்டிலேயே பீர் செய்கிற ஒரு நண்பரிடம் மீதமிருந்த பாட்டில்களைக் கொண்டுபோனேன். அவர் குடித்தார், கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. நான் வழக்கம்போல் புகையைப் பற்றி ஆரம்பித்தேன், பீச் மரம், பாம்பெர்க், ஃபீனால் என்று. அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “புகையை விடுங்க. இதுல ஓட்ஸ் எங்க இருக்கு?”

திரும்ப ஒரு வாய் குடித்தேன், இந்தத் தடவை ஓட்ஸை மட்டும் தேடி. உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவே தங்குகிற அந்த மெல்லிய வழுவழுப்பு, விழுங்கும்போது கூடவே போகிற அந்தப் பாரம், எதுவும் அகப்படவில்லை. இனிப்பில்லாத சாதாரண டிரை ஸ்டவுட்டில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூட இருக்கலாம், அவ்வளவுதான். லேபிளில் மூன்று சொல் இருக்கிறது, முதல் சொல்லுக்கும் மூன்றாவது சொல்லுக்கும் உழைத்திருக்கிறார்கள், நடுவில் இருப்பதை யாரும் கவனிக்கவில்லை.

அவர் வீட்டில் அவரே செய்த ஓட்மீல் ஸ்டவுட் இருந்தது, புகை எதுவும் கலக்காதது. அதைத் தனியாகக் குடித்துப் பார்த்தோம். நல்ல பீர்தான், கொஞ்சம் இனிப்புத் தூக்கல். அப்புறம் அவர் ஒரு காரியம் செய்தார். ஒரு காலி கிளாஸில் என்னுடைய புகை ஸ்டவுட்டைப் பாதியும் அவருடைய ஓட்மீல் ஸ்டவுட்டைப் பாதியும் ஊற்றி என் முன்னால் நகர்த்தினார். கணக்குப்படி பார்த்தால் புகை பாதியாகக் குறைந்திருக்க வேண்டும். மூக்கில் வைத்தேன். சாம்பல் இல்லை. மரப்புகை! வாயில் விட்டதும் முதலில் ஓட்ஸின் வழவழப்பு, அதற்கு மேலே கொஞ்சம் சாக்லேட், பிறகு நடுநாக்கில், எங்கே இதுவரை ஒன்றுமே இல்லையோ சரியாக அந்த இடத்தில், புகை எழுந்தது. அணைந்த இடத்தின் வாடை இல்லை, எரிகிற மரம், லேசான இனிப்போடு. விழுங்கிய பிறகும் தொண்டையில் காறல் இல்லாமல் அது மெதுவாக விலகிப் போனது. நான் உடனே அடுத்த வாய் குடித்தேன், கேட்காமலே கிளாஸை முடித்துவிட்டேன்.

எனக்கு இன்றுவரை ஆச்சரியம் தருவது அளவுதான். புகை மால்ட் பாதியாகிவிட்டது, ஆனால் புகை முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தது. அப்படியென்றால் புகை கூடியதா குறைந்ததா என்று நாங்கள் எல்லோரும் போட்ட சண்டைக்கு அர்த்தமே இல்லை. முழு அளவில் இருந்தபோது அது புகையாகவே வாயில் படவில்லை, கரியாகப் பட்டது. சந்தேகம் தீர இன்னொன்றும் செய்தோம். ஒரு பாட்டில் ரவுக்பீர் திறந்து, ஒரு பங்கு அதுவும் மூன்று பங்கு அவருடைய ஓட்மீல் ஸ்டவுட்டுமாகக் கலந்தோம். அது இன்னும் மேல். நான் மனதில் குடித்து வைத்திருந்த பீருக்கு அதுதான் கிட்டத்தட்ட வந்தது, முடிவில் மட்டும் ஸ்டவுட்டின் கசப்பு சற்று மழுங்கியிருந்தது. ஆக, இந்தச் சேர்க்கை நடக்காத ஒன்று இல்லை. இந்த பாட்டிலில் நடக்கவில்லை.

கரியும் புகையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்

ஏன் இப்படி என்று பிறகு உட்கார்ந்து யோசித்தபோது பல விஷயங்கள் கோர்வையாக வந்தன. மரம் எரியும்போது அதற்கு உறுதி தருகிற லிக்னின் என்ற பொருள் சிதைந்து குவாயகால், சிரிங்கால் போன்ற ஃபீனால்கள் உண்டாகின்றன. புகை என்று நாம் உணர்வதில் பெரும் பங்கு இவைதான். பீச், ஓக் போன்ற இலைமரங்களில் இரண்டும் வரும், பைன் போன்ற ஊசியிலை மரங்களில் சிரிங்கால் மிகக் குறைவு, அதனால்தான் மரத்துக்கு மரம் புகையின் குணம் மாறுகிறது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், குவாயகால் மரப்புகையில் மட்டும் இருப்பதில்லை. தானியத்தையோ காப்பிக்கொட்டையையோ கருக வறுத்தாலும் அது உண்டாகும், வறுத்த காப்பியின் வாசனையில் அதற்கு முக்கியமான இடம் உண்டு. அதாவது வறுத்த பார்லி நிறையப் போட்ட ஒரு ஸ்டவுட்டுக்குள் புகை மால்ட்டைக் கொண்டுவரும்போது அங்கே புகையின் உறவினர்கள் ஏற்கனவே கூட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நாக்கு இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை, கருகல் என்று ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே இனிப்போ கனமோ இருந்தால்தான் இது வறுவல், இது புகை என்று தனித்தனியாகத் தெரியும்.

ரவுக்பீரில் இந்தச் சிக்கலே இல்லை. ஷ்லெங்கெர்லாவின் மெர்ட்ஸன் என்ற ரவுக்பீர் 5.1 சதவீத லாகர்தான் (குளிரில் மெதுவாக நொதிக்க விடும் பீர்), அதில் கருகலுக்குப் பெரிய வேலை கிடையாது. புகையின் அடியில் இருப்பது மால்ட்டின் இனிப்பு, சுத்தமான லாகர் ஈஸ்ட், கசப்புக்கு அளவான ஹாப்ஸ் பூ, வேறு பேச்சில்லை. அங்கே மால்ட்டையே அவர்கள் ஆலையில்தான் பீச் மரத் தீயில் உலர்த்துகிறார்கள், பாம்பெர்க்கின் இன்னொரு பழைய ஆலையான ஷ்பெட்ஸியாலும் அப்படித்தான். போலந்தின் கிரோட்ஸிஸ்கியையும் சொல்ல வேண்டும். ஓக் புகையூட்டிய கோதுமை மால்ட்டில் செய்யும், மூன்று சதவீதத்தை ஒட்டிய, வெளிர்நிற, மெலிந்த பீர் அது. மெலிந்த உடம்பிலும் புகை அங்கே இதமாக இருக்கிறது, ஏனென்றால் போட்டிக்கு ஒரு துளி கருகலும் இல்லை. ஆக உடம்பு கனமாக இருக்க வேண்டும் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கருகல் இருக்கிற இடத்தில்தான் கனம் கட்டாயம்.

பழைய காலத்தில் இப்படி இரண்டு தனித்தனிச் சாமான்களாக இவை வரவில்லை. ஸ்டவுட்டின் மூதாதையான 18ஆம் நூற்றாண்டு லண்டன் போர்ட்டர் பெரும்பாலும் விறகுத் தீயில் உலர்த்திய பழுப்பு மால்ட்டில் செய்யப்பட்டது. நிறமும், வறுவலும், எவ்வளவு புகை இருந்ததோ அந்தப் புகையும் ஒரே தானியத்தில், ஒரே அடுப்பிலிருந்து வந்தன. பிறகு சாற்றின் சர்க்கரையை அளக்கும் சாக்கரோமீட்டர் என்ற கருவி வந்து, வெளிர் மால்ட்டில்தான் சர்க்கரை அதிகம் கிடைக்கிறது என்று கணக்குக் காட்டியது. ஆலைகள் வெளிர் மால்ட்டுக்கு மாறின, நிறத்துக்கு வழி தேட வேண்டியதாயிற்று. 1817இல் டேனியல் வீலர் உருளையில் வைத்துத் தானியத்தைக் கருப்பாக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அன்றிலிருந்து கருப்பு என்பது ஒரு சிட்டிகை மசாலா மாதிரி வெளியிலிருந்து சேர்க்கிற சாமான் ஆகிவிட்டது. இன்றைக்கு ஒரு ப்ரூவர் புகை ஸ்டவுட் செய்ய உட்கார்ந்தால் வெளிர் மால்ட் ஒரு மூட்டை, கருப்பு மால்ட் ஒரு மூட்டை, புகை மால்ட் ஒரு மூட்டை, ஓட்ஸ் ஒரு மூட்டை என்று நாலு இடத்திலிருந்து நாலு சாமான் வருகிறது. ஒன்றோடொன்று பழகாதவை. பழக்கிவைப்பது முழுக்க அவர் கையில்தான் இருக்கிறது.

பெயரில் மட்டும் ஓட்ஸ்

ஓட்மீல் ஸ்டவுட்டுக்கு இந்தக் குறை புதிதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டனில் இது பிறந்தபோதே உடம்புக்குச் சத்து, நோயாளிக்குப் பலம் என்று சொல்லித்தான் விற்றார்கள். சில பெரிய லண்டன் ஆலைகளின் பழைய பதிவேடுகளைப் பார்த்தால் மொத்தத் தானியத்தில் ஓட்ஸ் ஒரு சதவீதம்கூட இருக்காது, லேபிளில் அந்தப் பெயரைப் போட எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும். பிறகு அந்த வகையே ஏறக்குறைய அழிந்துபோனது. 1980ஐ ஒட்டி அமெரிக்க இறக்குமதியாளர் சார்லஸ் ஃபிங்கெல் கேட்டுக்கொண்டதன் பேரில் யார்க்‌ஷயரின் டாட்காஸ்டரில் உள்ள சாமுவேல் ஸ்மித் ஆலை அதைத் திரும்பச் செய்தது. இன்றைக்கு உலகத்தில் யார் ஓட்மீல் ஸ்டவுட் செய்தாலும் மனதில் அந்த 5 சதவீத பீர்தான் அளவுகோலாக இருக்கும். அதில் வழவழப்பு பெயரளவுக்கு இல்லை, வாய் நிறைய இருக்கிறது.

இப்போதெல்லாம் ஓட்ஸ் மொத்தத் தானியத்தில் 5 முதல் 20 சதவீதம் வரை போடுகிறார்கள். அதிலுள்ள பீட்டா குளுக்கான் என்ற பசைப்பொருளும் புரதமும்தான் அந்த வழவழப்பைத் தருகின்றன. அதே பசைதான் ப்ரூவருக்குத் தலைவலியும்கூட. ஊறவைத்த தானியத்திலிருந்து சாறு இறங்காமல் கூழாக இறுகிக்கொள்ளும், நெல் உமி சேர்த்து வழிவிட வேண்டும், நேரம் பிடிக்கும். பயந்த ப்ரூவர் ஓட்ஸைக் குறைத்துவிடுவார், அல்லது பசையை உடைக்க 40 முதல் 45 டிகிரியில் தானியத்தை நிறுத்தி வைப்பார். உடைந்தால் சாறு சுலபமாக இறங்கும், வழவழப்பும் அதோடு இறங்கிப்போகும். அப்புறம், ஓட்ஸ் மட்டுமே தனியாக ஒரு பீரைத் தாங்கிவிடாது. மாவுச்சத்தை 64, 65 டிகிரியில் உடைத்தால் ஈஸ்ட் சாப்பிடக்கூடிய சர்க்கரையே அதிகம் வரும், பீர் வறண்டு முடியும். 68, 69 டிகிரியில் உடைத்தால் ஈஸ்ட்டால் தொட முடியாத டெக்ஸ்ட்ரின்கள் தங்கிப்போய் உடம்பு கொடுக்கும். நான் குடித்த பீர் முடிந்த விதத்தைப் பார்த்தால் முதல் வழியில்தான் போயிருக்க வேண்டும் என்று படுகிறது. ஓட்ஸ் எத்தனை மூட்டை போட்டிருந்தாலும் வறண்ட உடம்பில் அது காணாமல் போய்விடும். வறுத்த தானியங்கள் வேறு தங்கள் பங்குக்குப் புளிப்பைக் கொண்டுவரும், அந்தப் புளிப்பு மெலிவை இன்னும் எடுத்துக்காட்டும்.

கருப்பும் புகையும் ஒத்துப்போகாது என்று யாராவது இதிலிருந்து முடிவுகட்டினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அலாஸ்கன் ஸ்மோக்ட் போர்ட்டர் இருக்கிறதே. அலாஸ்காவின் ஜூனோ நகரத்து ஆலை 1988இல் முதலில் செய்தது, பக்கத்தில் மீன் புகையூட்டும் இடத்தில் ஆல்டர் மரப்புகையில் மால்ட்டை உலர்த்தி. 6.5 சதவீதம், நல்ல கனம், பாட்டிலில் வருடக்கணக்காக வைத்துக் குடிக்கிறவர்கள் உண்டு. அங்கே புகையும் கருகலும் சண்டை போடுவதில்லை, ஏனென்றால் இரண்டுக்கும் அடியில் மால்ட்டின் இனிப்பு தாராளமாக விரிந்து கிடக்கிறது. அதைக் குடித்த பிறகு எனக்கு வேறு நிரூபணம் தேவைப்படவில்லை. ஓட்ஸ் அந்த வேலையை இன்னும் நயமாகச் செய்யக்கூடியது என்பதற்கு நண்பர் வீட்டுக் கிளாஸ் சாட்சி.

அதனால்தான் இந்த ஏமாற்றம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஓட்மீல் ஸ்டவுட்டில் புகை சேர்ப்பது விளையாட்டுக்கு ஒட்டவைக்கிற அலங்காரம் இல்லை, மிகச் சரியான யோசனை. கருகலுக்கும் புகைக்கும் நடுவில் உட்கார ஓட்ஸைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. அந்த யோசனையைப் பிடித்தவர்கள் அதைப் பாதி வழியில் விட்டுவிட்டார்கள். புகையை அளந்து போட நேரம் எடுத்தவர்கள், மர வகையைத் தேர்ந்தெடுத்தவர்கள், லேபிளில் மரத்தின் பெயரை அச்சடித்தவர்கள், அந்தப் புகையை எதன் மேல் வைக்கப்போகிறோம் என்பதில் கவனம் வைத்திருந்தால் போதும், இது வருடா வருடம் நான் காத்திருந்து வாங்கும் பீராகியிருக்கும்.

அவர்கள் அடுத்த தடவை இதைச் செய்யத்தான் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம்தான். ஆலைக்கு எழுதினேன், திட்டி இல்லை, நாங்கள் கலந்து பார்த்ததைச் சொல்லி. புகை மால்ட்டின் அளவைத் தொடவே வேண்டாம், வறுத்த பார்லியைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் உமி நீக்கி வறுத்த கருப்பு மால்ட் போட்டுப் பாருங்கள், உமி போனால் துவர்ப்பும் காறலும் பெருமளவு போய்விடும், நிறம் போகாது. ஓட்ஸை 15 சதவீதத்துக்குக் கீழே விடாதீர்கள், பசை உடைக்கும் நிலையைத் தவிர்த்துவிட்டு நெல் உமியைத் தாராளமாகப் போடுங்கள், சாறு மெதுவாக இறங்கினால் இறங்கட்டும். மாவை 68க்கு மேல் உடையுங்கள். இவ்வளவும் செய்தபிறகும் புகை தூக்கலாகத் தெரிந்தால் அப்போது குறைத்துக்கொள்ளலாம். பதில் வந்தது, அடுத்த சுற்றில் வறுத்த பார்லியைக் குறைக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஓட்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அதனால் திரும்பவும் எழுதியிருக்கிறேன்.